கொன்ற பிறகும் ஓடிய பேக்கப்: ப்ராசஸ் குழு, சிக்னல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பேக்கப் ஃபைல் தினமும் தவறாமல் உருவாகிக்கொண்டிருந்தது. சில இரவுகளில் மட்டும் லாகில் ஓர் எச்சரிக்கை வரி இருக்கும்: "காலக்கெடு தாண்டியது, நிறுத்தப்பட்டது, மறுபடி தொடங்குகிறது." மறுமுயற்சி வெற்றி என்று அடுத்த வரியே சொல்லிவிடுவதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரவுகளின் ஃபைல்கள் வழக்கத்தைவிடச் சற்றுப் பெரியவை. டேட்டா வளர்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒத்திகைக்காக ஒரு ஃபைலை ரீஸ்டோர் செய்து பார்த்தபோதுதான், ஃபைலைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் ஜிஜிப் கையை விரித்தது. பழைய ஃபைல்களையும் எடுத்துச் சோதித்தால், எச்சரிக்கை வந்த இரவுகளின் ஃபைல்கள் அத்தனையும் கெட்டிருந்தன. மற்றவை எல்லாம் சுத்தம்.

அமைப்பு எளிமையானதுதான். லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் கீழ் சர்வீஸாக ஒரு பைத்தான் மேற்பார்வை நிரல் ஓடுகிறது. குறித்த நேரத்தில் அது ஒரு பாஷ் ஸ்கிரிப்டைத் தொடங்கும். ஸ்கிரிப்ட் முதலில் டேட்டாபேஸின் டம்ப் கருவியால் டேபிள்களின் அமைப்பை எடுத்து ஜிஜிப் வழியாக ஃபைலில் எழுதும். பிறகு தரவை எடுத்து, அதையும் ஜிஜிப் வழியாக அனுப்பி, அதே ஃபைலின் வாலில் ஒட்டும். ஜிஜிப் ஓடைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்தாலும் விரிக்கும்போது சரியாக விரியும் என்பதால் இதில் தவறில்லை. இரண்டு பேக்கப்புகள் ஒரே நேரத்தில் ஓடிவிடக் கூடாதே என்று ஸ்கிரிப்டின் தலையில் எஃப்லாக் கட்டளையால் ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். கெடுவுக்குள் ஸ்கிரிப்ட் முடியாவிட்டால் மேற்பார்வை நிரல் அதற்கு, உடனே சாகடிக்கும் கில் சிக்னலை அனுப்பிவிட்டு, இன்னொரு முறை தொடங்கும்.

எல்லாம் யோசித்துச் செய்ததாகவே தெரிகிறது. அப்படியும் ஃபைல் கெட்டது.

பூட்டின் மேல் விழுந்த பழி

ஸ்கிரிப்டின் பழைய பதிப்புகளைப் புரட்டியபோது ஒரு தடயம் கிடைத்தது. தொடக்க காலத்தில் மறுமுயற்சி வெற்றி பெற்றதே இல்லை. "பூட்டு கிடைக்கவில்லை" என்று சொல்லி உடனே வெளியேறியிருக்கிறது. பராமரித்தவர்கள் அதைப் பார்த்து, செத்துப்போன ஸ்கிரிப்ட் பூட்டை விடாமல் போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். மறுமுயற்சிக்கு முன் பூட்டு ஃபைலை அழிக்க ஒரு வரி சேர்த்தார்கள். அன்றிலிருந்து மறுமுயற்சி வெற்றி. ஃபைல் கெடத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

எஃப்லாக் போடும் பூட்டு, ஃபைலின் பெயரோடு ஒட்டியதல்ல. திறந்த ஃபைலைக் குறித்துக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்திருக்கும் பதிவோடு ஒட்டியது. ஸ்கிரிப்ட் 9ஆம் எண்ணில் (ஓடும் நிரல், அதாவது ப்ராசஸ், தான் திறந்த ஃபைலுக்கு வைத்திருக்கும் எண்) அந்த ஃபைலைத் திறந்து பூட்டியிருந்தது. அதற்குப் பிறகு அது ஃபோர்க் செய்யும் (தன்னை நகலெடுத்து உருவாக்கும்) ஒவ்வொரு பிள்ளை ப்ராசஸும் அதே 9ஆம் எண்ணைச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. கடைசிப் பிள்ளை அதை மூடும்வரை பூட்டு விலகாது. எந்த ப்ராசஸும் உயிரோடு இல்லாதபோது எஃப்லாக் பூட்டு மிச்சமிருக்க வழியே இல்லை. கெர்னல் தானாக விடுவித்துவிடும். ஆகவே "பூட்டு கிடைக்கவில்லை" என்ற வரி வந்திருந்தால், அந்த நொடியில் யாரோ உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த அமைப்பில் உண்மையைச் சொன்னது பூட்டு ஒன்றுதான். அதைத்தான் அழித்தார்கள்.

அழித்ததும் நடந்தது இது. பழைய பூட்டு பெயரில்லாத பழைய ஃபைலின் மேல் அப்படியே இருந்தது. மறுமுயற்சி அதே பெயரில் புது ஃபைலை உருவாக்கி, அதன் மேல் புதுப் பூட்டைச் சுலபமாகப் பெற்றது. பேக்கப் ஃபைலை முதல் எழுத்திலிருந்து காலி செய்து எழுதத் தொடங்கியது. முதல் முயற்சியின் ஜிஜிப்போ இன்னும் உயிரோடு, அதே ஃபைலைச் சேர்ப்பு முறையில் திறந்து வைத்திருந்தது. சேர்ப்பு முறையில் திறந்த ஃபைலில் ஒவ்வோர் எழுத்தும் அந்த நேரத்து வாலில் போய் விழும். இரண்டு ஜிஜிப்களின் துண்டுகளும் மாறி மாறி ஒரே ஃபைலில் விழுந்தன. அளவு கூடியதற்கும் காரணம் அதுவே.

செத்தவர் யார், பிழைத்தவர் யார்

கெடுவை வேண்டுமென்றே குறைத்து வைத்து, சோதனைச் சர்வர் ஒன்றில் இதை ஓட்டிப் பார்த்தோம். ஓடும்போது, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையிடம் ப்ராசஸ் எண், தாயின் எண், (ஒன்றாகச் சிக்னல் பெறக்கூடிய ப்ராசஸ்களின்) குழு எண், (குழுக்களைத் திரட்டிய) செஷன் எண் நான்கையும் கேட்டால் இப்படி வரும். எண்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும்; உறவுகள் மாறா.

எண் | தாய் | குழு | செஷன் | கட்டளை
2210 | 1 | 2210 | 2210 | பைத்தான் மேற்பார்வை நிரல்
4120 | 2210 | 2210 | 2210 | பாஷ் ஸ்கிரிப்ட்
4131 | 4120 | 2210 | 2210 | டம்ப் கருவி
4132 | 4120 | 2210 | 2210 | ஜிஜிப்

கெடு முடிந்து, லாகில் "நிறுத்தப்பட்டது" என்று பதிவான பிறகு:

எண் | தாய் | குழு | செஷன் | கட்டளை
2210 | 1 | 2210 | 2210 | பைத்தான் மேற்பார்வை நிரல்
4131 | 1 | 2210 | 2210 | டம்ப் கருவி
4132 | 1 | 2210 | 2210 | ஜிஜிப்

4120 மட்டும் இல்லை. டம்பும் ஜிஜிப்பும் தாயை இழந்து, 1ஆம் எண் ப்ராசஸுக்குத் தத்துப் போயிருக்கின்றன. வேலையை அவை நிறுத்தவே இல்லை. நிறுத்த அவற்றுக்குக் காரணமும் இல்லை. டம்பின் வெளியீடு போவது ஜிஜிப்புக்கு. ஜிஜிப்பின் வெளியீடு போவது ஃபைலுக்கு. இந்த ஓட்டத்தில் பாஷ் எங்குமே இல்லை. அது இரண்டையும் இணைத்துவிட்டுக் காத்திருந்தது, அவ்வளவே. காத்திருந்தவரைக் கொன்றால் ஓடுபவர் ஏன் நிற்க வேண்டும்?

இங்கேதான் பலரின் மனதிலிருக்கும் படம் தவறுகிறது. தாய் செத்தால் பிள்ளைகளும் சாகும் என்று யுனிக்ஸில் எந்த விதியும் இல்லை. சிக்னல் அனுப்பும்போது கெர்னல் வம்சாவளியைப் பார்ப்பதில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்த ஒரு ப்ராசஸுக்கு அனுப்பும். ஒரு குழுவைக் கொடுத்தால் அந்தக் குழு எண்ணைத் தாங்கிய எல்லோருக்கும் அனுப்பும். "இவரும் இவர் வழி வந்தவர்களும்" என்று கேட்கும் வசதி, சிக்னல் அனுப்பும்படி கெர்னலைக் கேட்கும் கில் சிஸ்டம் காலில் கிடையாது. மேலே உள்ள இரண்டாம் பட்டியலைப் பாருங்கள்: தாய் எண் மாறிவிட்டது, குழு எண் மாறவில்லை. தாய் இறந்த கணமே வம்சாவளி அறுந்துவிடுகிறது. குழு எண்தான் நிலைக்கிறது.

மறுமுயற்சியில் மட்டும் பிரச்சினை வெளிப்பட்டதற்குப் பைத்தான் நிரல் எழுதப்பட்டிருந்த விதமும் ஒரு காரணம். ஸ்கிரிப்டின் வெளியீடு நேராக லாக் ஃபைலுக்குப் போனது. அதை பைப் மூலம் படித்து, கில் செய்த பிறகு, வெளியீடு முடியும்வரை படிக்கும் கம்யூனிகேட் அழைப்பில் காத்திருக்கும் நிரலாக இருந்திருந்தால், அது அங்கேயே உறைந்திருக்கும். பைப்பின் எழுதும் முனையைப் பேரப் பிள்ளைகள் பிடித்திருப்பதால் படிப்பவருக்கு முடிவு வந்து சேராது. அந்த உறைதல் எரிச்சலூட்டும்தான். ஆனால் ஃபைல் கெடாமல் தப்பியிருக்கும்.

கையால் ஓட்டினால் ஏன் சரியாக இருந்தது

"நாங்கள் டெர்மினலில் எத்தனையோ முறை கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தியிருக்கிறோம், எல்லாம் ஒழுங்காக நின்றது" என்றார்கள். உண்மைதான். ஆனால் அங்கே நடப்பது வேறு.

டெர்மினலில் உட்கார்ந்து ஸ்கிரிப்டை ஓட்டும்போது, ஊடாடும் ஷெல் அதற்கென்று ஒரு புதுக் குழுவை உருவாக்குகிறது. செட்-பிஜிஐடி என்ற சிஸ்டம் கால் அதற்குத்தான். அந்தக் குழுவே டெர்மினலின் முன்னணிக் குழு என்று கெர்னலிடம் பதிவும் செய்கிறது. நீங்கள் கன்ட்ரோல்-சி அடித்தால், அதைப் பிடிப்பது ஷெல் அல்ல; கெர்னலுக்குள் இருக்கும் டெர்மினல் டிரைவர். அது முன்னணிக் குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 2ஆம் எண் சிக்னலை, அதாவது சிக்இன்ட்டை, நேரடியாக அனுப்புகிறது. பாஷுக்கும் டம்புக்கும் ஜிஜிப்புக்கும் ஒரே நேரத்தில் போகிறது. பாஷ் வாங்கிப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தது போலத் தோன்றுவது பிரமை. கன்ட்ரோல்-இசட்டும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

1980இல் பெர்க்லியின் 4பிஎஸ்டியில் சி ஷெல்லோடு வந்த ஜாப் கன்ட்ரோலுக்காகத்தான் குழுவின் இன்றைய வடிவம் உருவானது. 1988ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரநிலை அதற்கு மேல் செஷன் என்ற ஓர் அடுக்கை வைத்தது. ஒரு செஷனுக்குள் பல குழுக்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றுதான் எந்த நேரத்திலும் டெர்மினலின் முன்னணியில் இருக்க முடியும். குழு எண் ஃபோர்க்கில் பிள்ளைக்கு அப்படியே போகிறது, ப்ராசஸ் வேறு நிரலாக மாறும் எக்ஸெக்கிலும் மாறாது. யாராவது செட்-பிஜிஐடி அல்லது புது செஷன் தொடங்கும் செட்-எஸ்ஐடி அழைத்தால் மட்டுமே மாறும்.

ஸ்கிரிப்டுக்குள் ஓடும் பாஷ் ஊடாடும் ஷெல் அல்ல. அங்கே ஜாப் கன்ட்ரோல் அணைந்திருக்கும். ஆகவே அது பிள்ளைகளுக்குப் புதுக் குழு எதுவும் உருவாக்காது. தான் இருக்கும் குழுவிலேயே எல்லோரையும் வைத்திருக்கும். பைத்தானும் கேட்காமல் புதுக் குழு தராது. முதல் பட்டியலில் நால்வருக்கும் குழு எண் 2210 என்றே இருந்தது இதனால்தான். மேற்பார்வை நிரலும் அந்தக் குழுவில்தான் இருந்தது என்பது அடுத்த கட்டத்தில் கடித்தது.

சரியாகத் தோன்றி விழுந்த இரண்டு தீர்வுகள்

கில் சிக்னலை யாராலும் பிடிக்க முடியாது; ஆகவே நின்றுவிடச் சொல்லும் 15ஆம் எண் சிக்டெர்ம்மை அனுப்பி, ஸ்கிரிப்டில் டிராப் (சிக்னல் வந்தால் ஓடும் கட்டளை) வைத்துப் பிள்ளைகளை பாஷே கொல்லட்டும் என்று முதலில் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தால் எதுவுமே நிற்கவில்லை, பாஷ் உட்பட. காரணம் பாஷின் கையேட்டிலேயே இருக்கிறது: முன்னணியில் ஒரு கட்டளை முடியக் காத்திருக்கும்போது டிராப் வைத்த சிக்னல் வந்தால், அந்தக் கட்டளை முடிந்த பிறகுதான் டிராப் ஓடும். டம்ப் முடிந்த பிறகு டம்பைக் கொல்வதில் பயனில்லை. டிராப் இல்லாமல் இருந்தபோதாவது பாஷ் உடனே செத்தது. டிராப் வைத்ததும் அதுவும் போயிற்று. டம்பையும் ஜிஜிப்பையும் இணைத்த பைப்லைனைப் பின்னணியில் ஓட்டி, வெயிட் கட்டளையில் காத்திருந்தால் சிக்னல் வந்ததும் வெயிட் உடைந்து டிராப் உடனே ஓடும். அது செல்லும் வழிதான். ஆனால் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் அப்படித் திருத்தி எழுத வேண்டும், எழுதுபவர் ஒவ்வொருவரும் அதை நினைவில் வைக்க வேண்டும். பாதுகாப்பை ஸ்கிரிப்டுகளின் நல்லொழுக்கத்தில் விடுவது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது யோசனை குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்புவது. திசை சரி. பைத்தானில் பிள்ளையின் குழு எண்ணை கெட்-பிஜிஐடியால் கேட்டு, கில்-பிஜியால் அந்தக் குழுவுக்கு சிக்டெர்ம் அனுப்பும்படி மாற்றினார்கள். இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும் இரண்டு வரிகள் அவை. கெடு வந்தது. டம்ப் நின்றது, ஜிஜிப் நின்றது, பாஷ் நின்றது, மேற்பார்வை நிரலும் நின்றது. பிள்ளையின் குழு எண் 2210. அனுப்பியவரின் குழு எண்ணும் 2210.

இதில் கவனிக்க வேண்டியது, அது விழுந்த விதம். அந்தச் சர்வீஸுக்கு, தோல்வியில் முடிந்தால் மட்டும் மறுபடி தொடங்கு என்று சிஸ்டம்டியில் எழுதியிருந்தார்கள். சிக்டெர்ம்மால் ஒரு சர்வீஸ் இறந்தால் சிஸ்டம்டி அதைத் தோல்வியாகக் கருதாது. ஒழுங்காக முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே மறுதொடக்கமும் இல்லை, தோல்வி அறிவிப்பும் இல்லை. சர்வீஸ் அமைதியாகப் படுத்துவிட்டது. சோதனைச் சர்வரில் நடந்ததால் பரவாயில்லை. உற்பத்தியில் நடந்திருந்தால் அடுத்த இரவு முதல் பேக்கப்பே இருந்திருக்காது, அதைச் சொல்லவும் ஆளிருந்திருக்காது.

பிள்ளைக்குத் தனிக் குழு

விடுபட்டது ஒரே ஒரு படி: பிள்ளையைத் தொடங்கும்போதே அதற்கெனத் தனிக் குழு தர வேண்டும். பைத்தானில் பிள்ளையைத் தொடங்கும் பாப்பன் அழைப்பில் புது செஷன் தொடங்கு என்று கேட்கும் வாய்ப்பு 3.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அது ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் இடையில், பிள்ளையின் பக்கத்தில் செட்-எஸ்ஐடியை அழைக்கிறது. 3.11 பதிப்பில் குழுவை மட்டும் மாற்றும் வாய்ப்பும் வந்தது. எக்ஸெக் வெற்றி பெற்ற பிறகுதான் பாப்பன் திரும்பும் என்பதால், அது திரும்பும் நேரத்தில் குழு உருவாகியிருப்பது உறுதி. சியில் நாமே எழுதினால் இந்த உறுதி கிடையாது. அதனால்தான் ஷெல்கள் செட்-பிஜிஐடியைத் தாய் பக்கமும் பிள்ளை பக்கமும் இரண்டு முறை அழைக்கின்றன. யார் முந்தினாலும் சரியாகிவிடும்.

மாற்றிய பின் பட்டியல் இப்படி:

எண் | தாய் | குழு | செஷன் | கட்டளை
2210 | 1 | 2210 | 2210 | பைத்தான் மேற்பார்வை நிரல்
4120 | 2210 | 4120 | 4120 | பாஷ் ஸ்கிரிப்ட்
4131 | 4120 | 4120 | 4120 | டம்ப் கருவி
4132 | 4120 | 4120 | 4120 | ஜிஜிப்

இப்போது குழு 4120க்கு சிக்டெர்ம் அனுப்பலாம். ஷெல்லிலிருந்து அனுப்புவதென்றால் கில் கட்டளைக்கு எண்ணை எதிர்மறையாக, மைனஸ் 4120 என்று கொடுக்க வேண்டும்; அதற்கு முன் இரட்டைக் கோடு போட்டால் அதை ஏதோ ஆப்ஷன் என்று எண்ணிக் குழம்பாது. சிஸ்டம் கால் அளவிலும் இதே கதைதான்: நேர்மறை எண் ஒரு ப்ராசஸ், 0 என்றால் அழைப்பவரின் சொந்தக் குழு, மைனஸ் 1 என்றால் அழைப்பவருக்கு அனுமதி உள்ள ஏறக்குறைய எல்லா ப்ராசஸும், அதற்குக் கீழே போனால் குழு எண்.

அந்த மைனஸ் 1ஐ நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். ஃபோர்க் தோற்றால் திருப்பித் தருவது மைனஸ் 1. அதைச் சோதிக்காமல் மாறியில் வைத்து, பிறகு கில்லுக்குக் கொடுக்கும் சி நிரல், ரூட் உரிமையில் ஓடினால் சர்வரையே துடைத்துவிடும். கில்-பிஜிக்கு 1 என்று கொடுத்தாலும், உள்ளே அது மைனஸ் 1 ஆகி அதே கதிதான். குழு எண் 1ஐ விடப் பெரியதா, நம் சொந்தக் குழு எண்ணிலிருந்து வேறுபட்டதா என்று இரண்டையும் சோதித்த பிறகே அனுப்பும்படி மேற்பார்வை நிரலில் எழுதினோம். இரண்டாவது சோதனை முதலிலேயே இருந்திருந்தால் மேலே சொன்ன மேற்பார்வை நிரலின் தற்கொலை நடந்திருக்காது.

குழு எண்ணைத் தொடங்கும்போதே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. தலைவர் 4120 இறந்து, வெயிட்டால் அறுவடையும் (தாய் அதன் முடிவை வாங்கிக்கொள்வது) ஆன பிறகு அதன் குழு எண்ணைக் கெர்னலிடம் கேட்டால் அப்படி யாருமில்லை என்றுதான் பதில் வரும். ஆனால் உறுப்பினர் ஒருவராவது மிச்சமிருக்கும்வரை குழு உயிரோடு இருக்கும், அந்த எண்ணை வேறு ப்ராசஸுக்குக் கெர்னல் தராது. ஆகவே குறித்து வைத்த எண்ணுக்குத் தயங்காமல் அனுப்பலாம். குழுவே காலியாகி, அறுவடையும் முடிந்த பிறகு அந்த உறுதி இல்லை. அப்போது அனுப்பக் கூடாது.

காலியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள 0ஆம் எண் சிக்னலை அனுப்பிப் பார்க்கும் பழக்கம் உண்டு. எதையும் அனுப்பாமல் இருப்பை மட்டும் சோதிக்கும். இதில் ஒரு பொறி. செத்தும் அறுவடையாகாத ஜாம்பி ப்ராசஸும் லினக்ஸில் இருப்பதாகவே கணக்காகும். வெயிட் அழைக்காமல் 0 அனுப்பிச் சுற்றிக்கொண்டிருந்தால், எல்லோரும் செத்த பிறகும் சுற்று முடியாது. கடைசியில் நிலைத்த வரிசை: குழுவுக்கு சிக்டெர்ம், சிறிது அவகாசம், அதற்குள் நேரடிப் பிள்ளையை வெயிட்டால் எடுத்துக்கொள்வது, இன்னும் யாராவது இருந்தால் குழுவுக்குக் கில் சிக்னல், பிறகு மறுபடி சோதனை.

செட்-எஸ்ஐடிக்கு ஒரு விலை உண்டு. புது செஷனுக்கு டெர்மினல் கிடையாது. யாராவது மேற்பார்வை நிரலைக் கையால் ஓட்டி கன்ட்ரோல்-சி அடித்தால், அது மேற்பார்வை நிரலை மட்டுமே தொடும். பேக்கப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே சிக்இன்ட், சிக்டெர்ம் இரண்டையும் மேற்பார்வை நிரல் பிடித்து, குழுவுக்குத் தானே அனுப்பிவிட்டுப் போக வேண்டும். கெர்னல் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையை நாம் கையில் எடுத்துக்கொண்டோம், அதை முழுசாகச் செய்தாக வேண்டும்.

ஸ்கிரிப்டிலும் ஒரு திருத்தம். டம்ப் மட்டும் தனியாக இறந்தால், ஜிஜிப்புக்கு உள்ளீடு முடிந்ததாகத் தெரியும். அது ஒழுங்காக வாலை எழுதி ஃபைலை மூடிவிடும். சோதனையில் தேறும், ஆனால் பாதி டேட்டாதான் இருக்கும். கெட்ட ஃபைலைவிட மோசம் இந்தச் சுத்தமான பாதி ஃபைல். எனவே பைப்லைனில் யார் தோற்றாலும் தோல்வி என்று பாஷுக்குச் சொல்லி, தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் வெற்றியான பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றும்படி செய்தோம். பூட்டை அழிக்கும் வரி போயிற்று. பிள்ளைகள் 9ஆம் எண்ணைச் சுமக்காதபடி மூடிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன், பிள்ளை உயிரோடு இருக்கும்வரை பூட்டு விலகக் கூடாது என்பதுதான் நமக்கு வேண்டியதே.

குழுவிலிருந்து நழுவியவர்

திருத்தம் போன பிறகும் ஓரிரவு ஒரு ப்ராசஸ் தப்பியது. டம்பும் ஜிஜிப்பும் அல்ல. முடிந்த ஃபைலை வேறொரு சர்வருக்கு நகலெடுக்கும் படி. ஸ்கிரிப்ட் எழுதியவர் முன்யோசனையோடு அந்தப் படிக்கு மட்டும் தனியாக டைம்-அவுட் கட்டளையைப் போட்டிருந்தார். குனூவின் டைம்-அவுட் நாம் கற்ற பாடத்தை எப்போதோ கற்றுவிட்டது: தொடங்கியதும் தனக்கென ஒரு புதுக் குழுவை உருவாக்கிக்கொண்டு, கெடு வந்தால் தன் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்பும். ஆகவே நாம் 4120க்கு அனுப்பிய சிக்னல் அதன் காதில் விழவே இல்லை. பட்டியலில் அதன் செஷன் எண் 4120, குழு எண் மட்டும் வேறு.

ஃபோர்கிரவுண்ட் ஆப்ஷனோடு டைம்-அவுட்டை அழைத்தால் அது புதுக் குழு உருவாக்காது. ஆனால் கெடு வரும்போது நேரடிப் பிள்ளைக்கு மட்டுமே அனுப்பும். நகலெடுக்கும் கட்டளை ஒற்றைக் கட்டளைதான் என்பதால் அங்கே அது போதுமானதாக இருந்தது. பொதுவாகச் செய்வதென்றால் பி-கில் கட்டளையிடம் செஷன் எண்ணைக் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். செஷனுக்குச் சிக்னல் அனுப்பும் சிஸ்டம் கால் இல்லாததால், பி-கில் ஒவ்வொரு ப்ராசஸாகத் தேடித்தான் அனுப்புகிறது. தேடும் இடைவெளியில் பிறப்பவர் தப்பலாம். ஸ்கிரிப்டில் யாராவது செட்-எஸ்ஐடியே அழைத்துவிட்டால் அதுவும் கைகொடுக்காது. இரட்டை ஃபோர்க் செய்து, பின்னணியில் தனியே ஓடும் டீமனாக மாறும் நிரல்கள் எல்லாமே அப்படித்தான் போகின்றன.

தப்பவே முடியாத வேலி வேண்டுமென்றால் லினக்ஸில் சி-குரூப், அதாவது கெர்னல் ப்ராசஸ்களைக் கட்டி வைக்கும் தொகுதி. ப்ராசஸ் தன் குழுவையும் செஷனையும் தானே மாற்றிக்கொள்ளலாம். சி-குரூப்பை அனுமதியில்லாமல் மாற்ற முடியாது. சிஸ்டம்டி ஒரு சர்வீஸை நிறுத்தும்போது இயல்பாகப் பிடிப்பதும் அதைத்தான். அதனால்தான் சர்வீஸையே நிறுத்தினால் எல்லோரும் போய்விடுகிறார்கள், கெடு வந்து நிறுத்தும்போது மட்டும் தப்புகிறார்கள். லினக்ஸ் 5.14இல் சி-குரூப் இரண்டாம் பதிப்புக்கு ஒரு கில் ஃபைல் வந்தது. அதில் 1 என்று எழுதினால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும், அந்த நேரத்தில் ஃபோர்க் ஆகிக்கொண்டிருப்பவருக்கும் சேர்த்து, கில் சிக்னல் போகும். ஆனால் அது கில் சிக்னல் மட்டுமே; சுத்தம் செய்ய அவகாசம் கிடைக்காது. ஆகவே குழுவுக்கு சிக்டெர்ம், மிஞ்சியவர்களுக்கு சி-குரூப் என்று இரண்டையும் வைத்துக்கொண்டோம். பேக்கப் ஒவ்வொன்றும் இப்போது சிஸ்டம்டி-ரன் மூலம் தனி ஸ்கோப்பில், அதாவது தனி சி-குரூப்பில், ஓடுகிறது. லினக்ஸைத் தாண்டி வேறு யுனிக்ஸ்களிலும் ஓட வேண்டிய நிரலுக்கு இந்த இரண்டாம் வேலி கிடைக்காது. அங்கே ஸ்கிரிப்டுகளைக் கண்காணிப்பதுதான் வழி.

ஒன்று மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. நெட்வொர்க் டிஸ்க் தேங்கி, ப்ராசஸ் கெர்னலுக்குள் டிஸ்குக்காகக் காத்திருந்தால், பிஎஸ் பட்டியலில் அதன் நிலை டி என்று காட்டும். கில் சிக்னல் வெற்றிகரமாகப் போய்ச் சேரும். ப்ராசஸ் அந்தக் காத்திருப்பிலிருந்து வெளிவரும்வரை சாகாது. குழுவாலும் சி-குரூப்பாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த நிலையில் மேற்பார்வை நிரல் மறுமுயற்சி செய்வதில்லை. கில்லுக்குப் பிறகும் குழு காலியாகவில்லை என்றால், எந்த எண் எந்த நிலையில் நிற்கிறது என்ற பட்டியலோடு ஆளை எழுப்பும்.